லேக்கரின் ஸ்கைட்ரெயின் எப்படி எழுந்தது, ஏன் விழுந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1977 முதல் 1982 வரை, லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சாதாரண மக்களைப் பறக்க வைத்த மலிவு விமான சேவை ஸ்கைட்ரெயின். நடத்தியது பிரெடி லேக்கர் தொடங்கிய, பிரிட்டனின் லேக்கர் ஏர்வேஸ். நாலரை வருடம்கூட அது முழுதாக ஓடவில்லை. ஆனாலும் விமானக் கட்டணம் என்ற விஷயத்தையே அது மாற்றிவிட்டது. அது விழுந்த விதத்தைப் பற்றி இன்னும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஸ்கைட்ரெயினில் அப்படி என்ன புதுமை?

பெயரிலேயே இருக்கிறது. ரயிலில் போவதுபோல விமானத்தில் போகலாம் என்பதுதான் யோசனை. முன்பதிவு கிடையாது. புறப்படும் நாளன்று போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். இடம் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். சாப்பாடு டிக்கெட்டில் சேராது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம்.

முதல் விமானம் 1977 செப்டம்பர் 26 அன்று லண்டன் காட்விக் நிலையத்திலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது. லண்டனிலிருந்து ஒரு வழிக் கட்டணம் 59 பவுண்டு. நியூயார்க்கிலிருந்து திரும்பி வர 135 டாலர். விமானம் 345 இருக்கைகள் கொண்ட டிசி-10.

1978 கோடையில் இந்த டிக்கெட்டுக்காக லண்டன் விக்டோரியா ரயில் நிலையப் பக்கம் மக்கள் தெருவோரத்தில் படுத்துக் காத்திருந்தார்கள். நியூயார்க்கிலும் அதே காட்சி. அந்த வரிசையில் மாணவர்கள் இருந்தார்கள். கடல் கடந்து போய்விட்ட பிள்ளைகளைப் பார்க்கத் துடித்த வயதானவர்கள் இருந்தார்கள். வாழ்க்கையில் விமானமே ஏறாதவர்களும் இருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடிப்பு வந்ததே அந்த வரிசையால்தான்.

மற்ற நிறுவனங்கள் ஏன் அதற்கு முன்பே கட்டணத்தைக் குறைக்கவில்லை?

குறைக்க முடியாதபடி கட்டமைப்பு இருந்தது. அட்லாண்டிக் வழித்தடத்தில் கட்டணத்தை ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்யும், அரசுகள் அதற்கு ஒப்புதல் தரும். எல்லா நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே விலை. ஒருவர் சான்ட்விச்சில் கொஞ்சம் கூடுதலாக வைத்தால்கூடச் சண்டை வந்த காலம் அது.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி சார்ட்டர் விமானங்கள். ஏதாவது ஒரு சங்கத்தில் குறைந்தது 6 மாதமாவது உறுப்பினராக இருப்பவர்கள் சேர்ந்து ஒரு விமானத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்று விதி இருந்தது. உடனே ஊருக்கு ஊர் பெயரளவு சங்கங்கள் முளைத்தன. பழைய தேதி போட்ட உறுப்பினர் அட்டைகள் புழங்கின. அதிகாரிகள் விமான நிலையத்துக்கே வந்து பயணிகளை நிறுத்தி, நீ உண்மையான உறுப்பினர்தானா என்று விசாரித்தார்கள். மலிவாகப் பயணம் செய்ய நினைத்ததற்காக மக்களைக் குற்றவாளிகள்போல நடத்துவது லேக்கருக்குக் கடுங்கோபத்தைக் கொடுத்தது. எந்தச் சங்கமும் வேண்டாம், யார் வந்தாலும் டிக்கெட் என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

பிரெடி லேக்கர் யார்?

1922-ல் கேன்டர்பரியில் பிறந்தவர். விமானத் தொழிற்சாலையில் வேலை கற்றுக்கொண்டு மேலே வந்தவர். போர் முடிந்ததும் உபரி விமானங்களையும் உதிரிபாகங்களையும் வாங்கி விற்றார். ஒரு நண்பரிடம் கடன் வாங்கி 12 ஹால்டன் விமானங்களை அவர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே, 1948-ல், சோவியத் படைகள் பெர்லினுக்குப் போகும் பாதைகளை அடைத்தன. நகரத்துக்கு எல்லாமே வானவழியாகப் போகவேண்டிய நிலை. அந்த விமானப் பாலத்தில் அவருடைய விமானங்கள் ஓய்வில்லாமல் பறந்தன. வேலை முடிந்ததும் உபரி விமானங்களை உடைத்து அலுமினியமாக உருக்கி விற்றார். எதையும் வீணாக்காத ஆள்.

பிறகு பிரிட்டிஷ் யுனைடெட் ஏர்வேஸ் நிறுவனத்தை நிர்வகித்துவிட்டு, 1966-ல் தன் சொந்தப் பெயரில் லேக்கர் ஏர்வேஸைத் தொடங்கினார். கைவசம் இருந்தவை இரண்டு பழைய பிரிஸ்டல் பிரிட்டானியா விமானங்கள். பங்குகளில் 90 சதவீதம் அவருடையது, மீதி 10 சதவீதம் அவருடைய முதல் மனைவியுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்கைட்ரெயின் உரிமத்துக்கு 1971-ல் விண்ணப்பித்துவிட்டு 1977 வரை ஏன் காத்திருந்தார்?

அரசியல்தான் காரணம். 1972-ல் பிரிட்டிஷ் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் உரிமம் கொடுத்தது. அமெரிக்கத் தரப்பு இழுத்தடித்தது. அதற்குள் பிரிட்டனில் ஆட்சி மாறியது. தொழிற்கட்சி அரசு, நீண்டதூர வழித்தடம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் போதும் என்று கொள்கை வகுத்தது. வர்த்தக அமைச்சர் பீட்டர் ஷோர் லேக்கருக்கான அங்கீகாரத்தை ரத்து செய்தார்.

லேக்கர் நீதிமன்றம் போனார். சட்டப்படி ஆணையம் கொடுத்த உரிமத்தை அமைச்சர் ஒரு கொள்கை அறிக்கையை வைத்துச் செல்லாததாக்க முடியாது என்று 1976 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி டென்னிங் பிரபு. நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 1977 ஜூனில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஒப்புதல் கொடுத்தார். செப்டம்பரில் விமானம் பறந்தது. அடுத்த வருடம் லேக்கருக்கு சர் பட்டம்.

59 பவுண்டில் எப்படிக் கட்டுப்படியானது?

கணக்கு எளிது. 345 இருக்கையும் நிரம்பினால் ஒரு வழிக்கு 20,355 பவுண்டு. பாதி நிரம்பினால் நஷ்டம். அதனால் எல்லாமே இருக்கைகளை நிரப்புவதைச் சுற்றியே இருந்தது. முன்பதிவு இல்லாததால் பதிவு அலுவலகச் செலவும் பயண முகவர்களுக்கான தரகும் மிச்சம், பதிந்துவிட்டு வராமல் போகிறவர்களால் வரும் நஷ்டமும் இல்லை.

என்ஜின் செலவைக் குறைப்பதிலும் அவர் கில்லாடி. எடை குறைவாக இருக்கும்போது என்ஜினின் முழு உந்துவிசையையும் பயன்படுத்தாமல் மேலெழும் முறையை அறுபதுகளிலேயே தன் பிஏசி 1-11 விமானங்களில் கடைப்பிடித்தார். என்ஜின் தேய்மானம் குறையும். இன்று உலகம் முழுக்க இது வழக்கம்.

அப்படியென்றால் மலிவு விமான சேவையைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

இல்லை. டெக்சாஸ் மாநிலத்துக்குள் சவுத்வெஸ்ட் 1971-லேயே பறக்கத் தொடங்கிவிட்டது. அட்லாண்டிக்கைக் கடப்பதில்கூட ஐஸ்லாந்தின் லோஃப்ட்லெய்டிர் நிறுவனம், ரெய்க்யாவிக் வழியாகச் சுற்றிக்கொண்டு, வெகுகாலம் முன்பே மலிவாகக் கூட்டிப்போனது. லேக்கர் செய்தது வேறு. பெரிய நிறுவனங்களின் மிக லாபமான வழித்தடத்தில், நேரடி சேவையில், அவர்களுடைய விலையை உடைத்துக் காட்டினார். அதனால்தான் அவ்வளவு பகையும் வந்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த நிறுவனம் எங்கே வழுக்கியது?

ஒரே இடத்தில் இல்லை. ஆனால் முதல் தவறு எது என்று கேட்டால், வெற்றி வந்த வேகத்தில் பெருக நினைத்தது என்பேன். 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1980-ல் மயாமி என்று தடங்கள் கூடின. அது சரி. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் 37 நகரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் 666 வழித்தடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஹாங்காங் வழியாக உலகத்தையே சுற்றிவரும் சேவை ஒன்றையும் திட்டமிட்டார். ஐரோப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஹாங்காங்கும் கைகூடவில்லை.

சிக்கல் என்னவென்றால், உரிமம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விமானங்களை முன்கூட்டியே ஆர்டர் செய்துவிட்டார். 10 ஏர்பஸ் ஏ300, 5 டிசி-10-30. ஏ300 விமானங்களில் மூன்று 1981-ல் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு ஏற்ற வேலை இல்லை. பறந்தாலும் நின்றாலும் தவணை கட்டியாக வேண்டும்.

1979 டிசி-10 விபத்துதான் லேக்கரை வீழ்த்தியது என்கிறார்களே?

அடி விழுந்தது உண்மை. 1979 மே 25 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 விழுந்து நொறுங்கியது. ஜூன் 6 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவுக்குள் எந்த டிசி-10-ம் பறக்கக் கூடாது என்று தடை. லேக்கரின் அட்லாண்டிக் சேவை முழுக்க அந்த ஒரே ரக விமானத்தை நம்பியிருந்தது, அதுவும் கோடை உச்சத்தில். பணமும் போனது, டிசி-10 மீதிருந்த நம்பிக்கையும் கொஞ்சம் போனது. ஆனால் அதன் பிறகும் நிறுவனம் இரண்டரை வருடம் ஓடியது. அடி மட்டும்தான் அது.

டாலர் கடன் விவகாரம் என்ன? கொஞ்சம் புரியும்படி சொல்ல முடியுமா?

இதைத்தான் நான் மையக் காரணமாக நினைக்கிறேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டிசி-10-30 விமானங்களுக்கு 228 மில்லியன் டாலர் கடன், இதில் அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி முக்கியப் பங்கு வகித்தது. ஏ300 விமானங்களுக்கு 131 மில்லியன் டாலர் கடன், இதைத் திரட்டித் தந்தது மிட்லண்ட் வங்கி தலைமையிலான கூட்டு. இரண்டும் டாலரில். தவணையும் வட்டியும் டாலரில். எரிபொருள் விலையும் டாலரில்தான்.

வருமானம்? பெரும்பகுதி பவுண்டில். பயணிகளில் நிறையப் பேர் பிரிட்டனில் டிக்கெட் வாங்குகிறவர்கள்.

கடன் வாங்கிய காலத்தில் பவுண்டு வலுவாக இருந்தது. 1980 கடைசியில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 2.40 டாலர். அந்தக் கணக்கில் 10 மில்லியன் டாலர் தவணை கட்ட 4.17 மில்லியன் பவுண்டு போதும். 1981 கோடையின் இறுதிக்குள் பவுண்டு 1.80 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே தவணைக்கு இப்போது 5.56 மில்லியன் பவுண்டு வேண்டும். ஒரு விமானம்கூடக் கூடவில்லை, ஒரு பயணிகூடக் கூடவில்லை, கடன் சுமை மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

இதிலிருந்து தற்காத்துக்கொள்ள வழிகள் இருந்தன. டாலரை முன்கூட்டியே ஒரு விலைக்குப் பேசி வைத்திருக்கலாம். அமெரிக்காவில் விற்பனையைப் பெருக்கி டாலர் வருமானத்தைக் கூட்டியிருக்கலாம். அல்லது சொந்த முதலைக் கூட்டியிருக்கலாம். மேலே சொன்ன 90 சதவீதம் இங்கேதான் வருகிறது. வெளியாட்களுக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்ட லேக்கர் விரும்பவில்லை. நிறுவனம் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தார். அதனால் வளர்ச்சி முழுக்கக் கடனில் நடந்தது, நஷ்டம் வந்தபோது தாங்கிக்கொள்ள அடியில் மெத்தை இல்லை. அவர்மீது எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட முடியவில்லை.

பெரிய விமான நிறுவனங்கள் சேர்ந்து சதி செய்தன என்பது உண்மையா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விலைப் போட்டி. 1977-லேயே மற்ற நிறுவனங்கள் ஸ்கைட்ரெயினுக்குப் பதிலடியாகக் கடைசி நேர மலிவு டிக்கெட்டுகளைக் கொண்டுவந்தன. 1981 இலையுதிர் காலத்தில் அமெரிக்க நிறுவனமான பான் ஆம் தன் கட்டணத்தை லேக்கர் அளவுக்கே இறக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் இன்னொரு அமெரிக்க நிறுவனமான டிடபிள்யூஏவும் பின்தொடர்ந்தன. அதே விலைக்குச் சாப்பாட்டோடு, உறுதியான இருக்கையோடு ஒரு பெரிய நிறுவனம் கூட்டிப்போகிறது என்றால் யார் வரிசையில் நிற்பார்கள்? பெரிய நிறுவனங்களுக்கு வணிகப் பயணிகளிடமிருந்தும் மற்ற வழித்தடங்களிலிருந்தும் வருமானம் வந்தது. லேக்கருக்கு மலிவு டிக்கெட்தான் பிழைப்பே. அதுவும் எண்ணெய் விலை ஏறி, பொருளாதாரம் மந்தமாகி, பயணிகளே குறைந்திருந்த குளிர்காலத்துக்கு முன்னால் இது நடந்தது. அவரும் முன்பதிவைக் கொண்டுவந்தார், வணிகப் பயணிகளுக்கான வகுப்பைக்கூட யோசித்தார். அப்படிச் செய்யச் செய்ய ஸ்கைட்ரெயினின் தனித்தன்மையும் செலவுச் சிக்கனமும் கரைந்தன.

இரண்டாவது, மீட்பு முயற்சியைத் தடுத்தது. டிசி-10 தயாரித்த மெக்டானல் டக்ளஸ், லேக்கரில் பணம் போட்டுக் காப்பாற்றலாம் என்று முன்வந்தது. இதைக் கேள்விப்பட்டதும் அதன் மற்ற வாடிக்கையாளர்களான ஐரோப்பிய விமான நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்து டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்திகளை அனுப்பின. எங்கள் போட்டியாளருக்கு நீங்கள் எப்படி உதவலாம் என்பதுதான் சாரம். பின்னால் வழக்கில் இவை முக்கியமாயின.

விலையைக் குறைப்பது தவறில்லை, லேக்கரே அதைத்தான் செய்தார். ஆனால் தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கயிறு போடுபவரின் கையைப் பிடித்து இழுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அதேசமயம், கயிறு தேவைப்படும் நிலைக்கு வந்தது கடனால்தான்.

கடைசி நாட்களில் என்ன நடந்தது?

1981 கிறிஸ்துமஸ் சமயத்தில் கடன்களை மாற்றியமைக்க ஏற்பாடு ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. மக்கள் நிம்மதியடைந்தார்கள். ஜனவரியில் வருமானம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. வங்கிகள் கைவிரித்தன. 1982 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை, லேக்கர் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. கடன் சுமார் 270 மில்லியன் பவுண்டு. ஏறத்தாழ 6,000 பயணிகள் வெளியூர்களில் மாட்டிக்கொண்டார்கள்.

அதன்பிறகு நடந்தது ஆச்சரியமானது. பொதுமக்கள் லேக்கரைக் காப்பாற்றப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். திவாலான ஒரு நிறுவனத்துக்கு, அதன் பயணிகளே காசு சேர்த்தார்கள். நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அது போதாது, ஆனாலும் அந்த 59 பவுண்டு டிக்கெட் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பது தெரிந்தது.

டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்குப் பணம் திரும்பியதா?

யார் எதை வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்த சுற்றுலாத் தொகுப்பு வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. 1974-ல் கோர்ட் லைன் என்ற நிறுவனம் கவிழ்ந்தபோது ஏராளமானோர் பணத்தை இழந்ததால், பிரிட்டன் அதற்கென ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தது. வெறும் விமான டிக்கெட் மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் நிறுவனத்திடமிருந்து பணம் வரவேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் போய் நின்றார்கள்.

தாட்சர் அரசு ஏன் காப்பாற்றவில்லை?

தனியார் முயற்சிக்கு உதாரணமாக லேக்கரை அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் புகழ்ந்தவர்தான். ஆனால் நஷ்டத்தில் விழும் தனியார் நிறுவனத்தை அரசுப் பணத்தால் தூக்கிவிடக் கூடாது என்பதும் அதே கொள்கையின் பகுதி. அதை மீறவில்லை.

வழக்கு என்ன ஆனது?

திவாலான லேக்கர் நிறுவனத்தின் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்ட கலைப்பு அலுவலர் 1982 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிரிட்டிஷ் கலிடோனியன், பான் ஆம், டிடபிள்யூஏ, லுஃப்தான்சா, சுவிஸ்ஏர், கேஎல்எம் போன்றவையும் மெக்டானல் டக்ளஸும் பிரதிவாதிகள். கூட்டாகச் சேர்ந்து தொழிலை அழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு, கேட்டது ஒரு பில்லியன் டாலருக்கு மேல். பிரிட்டிஷ் அரசு இதை அமெரிக்காவில் நடக்கவிடாமல் தடுக்கப் பார்த்தது. 1984-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, வழக்கு தொடரலாம் என்றது. அதே ஆண்டு அதிபர் ரீகன், தனியாக நடந்துகொண்டிருந்த அமெரிக்கக் குற்றவியல் விசாரணையை மூடச் சொன்னார்.

1985-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். கடன் கொடுத்தவர்கள், ஊழியர்கள், டிக்கெட் வாங்கியவர்களுக்காக 48 மில்லியன் டாலர். லேக்கருக்கு 8 மில்லியன். சதி நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. சிலர் சமரசத்தையே தீர்ப்புபோல எடுத்துச் சொல்கிறார்கள், அது சரியல்ல. ஆனால் இந்த வழக்கு தலைமேல் தொங்கியதால் பிரிட்டிஷ் ஏர்வேஸைத் தனியார்மயமாக்கும் வேலை தள்ளிப்போய் 1987-ல்தான் முடிந்தது.

லேக்கர் அப்புறம் என்ன செய்தார்?

விழுந்த அதே வருடமே, லோன்ரோ நிறுவனத்தின் டைனி ரோலண்டோடு சேர்ந்து புதிதாக ஒரு விமான சேவை தொடங்கப் பார்த்தார், நடக்கவில்லை. தொண்ணூறுகளில் பஹாமாஸிலிருந்து சிறிய அளவில் மறுபடி விமானம் ஓட்டினார். 2006 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் காலமானார்.

அவர் விட்டுப்போன அட்லாண்டிக் தடத்துக்கு 1983-ல் அமெரிக்காவின் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வந்தது, 1984 ஜூனில் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் அட்லாண்டிக் வந்தது. இரண்டும் காட்விக்கிலிருந்தே, நியூயார்க் அருகிலுள்ள நியூவார்க்குக்குப் பறந்தன. பிரான்சன் லேக்கரைத் தேடிப்போய் யோசனை கேட்டார். பெரிய நிறுவனங்கள் உன்னை நசுக்கப் பார்க்கும், தாமதிக்காமல் வழக்குப் போடு, பணம் தீர்ந்த பிறகு போட்டால் பயனில்லை என்பது லேக்கர் சொன்னதன் சாரம். பிரான்சன் அதை மறக்கவில்லை. தன் நிறுவனத்துக்கு எதிராக பிரிட்டிஷ் ஏர்வேஸ் நடத்திய வேலைகளுக்காக அவதூறு வழக்குப் போட்டார். 1993 ஜனவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மன்னிப்புக் கேட்டு, அவருக்கு 5 லட்சம் பவுண்டும் வர்ஜினுக்கு 1,10,000 பவுண்டும் கொடுத்தது. வர்ஜினின் 747 விமானங்களில் ஒன்று 'ஸ்பிரிட் ஆஃப் சர் பிரெடி' என்ற பெயரோடு அதே அட்லாண்டிக்கைக் கடந்தது.